வின்ஸ்டனின் துணிச்சலில் அம்மாவுக்கும் பங்கு உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை ஆழ்மனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு வழியில் அணுகிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். கட்சியின் சர்வாதிகாரத்தை எதிர்க்கும் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் துணிச்சல் முழுவதையும் தந்தைக்கு எதிரான மகனின் கலகம் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். எல்லோரையும் கண்காணிக்கும் கட்சித் தலைவர் பெரியண்ணன் ஒரு தந்தை, எதிர்ப்பாளர்போல நடித்து அவனைச் சிக்கவைக்கும் கட்சிக்காரர் ஓபிரையன் இன்னொரு தந்தை, சரி. அம்மாவை ஏன் விட்டுவிட்டார்?

நாவலின் முதல் பாகத்திலேயே அம்மா கனவில் வருகிறாள், தங்கையோடு நீருக்குள் அமிழ்ந்துகொண்டு. இரண்டாம் பாகத்தில் வின்ஸ்டன் இன்னொரு கனவு கண்டு கண்ணீரோடு விழிக்கிறான். பஞ்ச காலம். ரேஷனில் கிடைத்த சாக்லேட்டில் முக்கால் பங்கை அம்மா அவனுக்கே கொடுக்கிறாள். நோஞ்சான் தங்கையின் கால் பங்கையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அம்மா குழந்தையை அணைத்துக்கொள்கிறாள். அவன் திரும்பி வந்தபோது இருவரும் இல்லை. அம்மாவைக் கொன்றது தான்தான் என்று இத்தனை வருடம் நம்பியிருந்ததை அன்றுதான் காதலி ஜூலியாவிடம் சொல்கிறான்.

துக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றி 1917இல் வெளியான கட்டுரையில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டு எழுதியது இங்கே அப்படியே பொருந்துகிறது. அழுது தீர்க்க முடியாத இழப்பு, தன்னையே குற்றம் சாட்டும் குரலாக உள்ளே தங்கிவிடும். வின்ஸ்டன் அன்று அழுகிறான். எந்தப் பயனும் இல்லாத ஓர் அணைப்புக்குக்கூட மதிப்பு உண்டு என்று அப்போதுதான் புரிந்துகொள்கிறான். அடுத்த அத்தியாயத்தில், கட்சிக்கு எதிரான இரகசிய இயக்கத்தில் சேர ஜூலியாவோடு ஓபிரையன் வீட்டுக்குப் போகிறான். ஆர்வெல் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த வீட்டில் நடப்பதையும் பாருங்கள். குழந்தையின் முகத்தில் அமிலம் வீசுவாயா என்று ஓபிரையன் கேட்டதும் சம்மதிக்கிறான். கட்டுரையாளர் சொல்லும் கலகம் இங்கே இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். வெறுப்பால் மட்டும் துணிந்தவன் எதற்கும் தலையாட்டுவான். ஆனால் இருவரும் பிரிந்துவிடத் தயாரா என்ற கேள்விக்கு ஜூலியா உடனே மறுக்க, வின்ஸ்டன் நெடுநேரம் திணறி முடியாது என்கிறான். என்னைப் பொறுத்தவரை நாவலிலேயே அவன் உண்மையில் துணிந்து பேசிய சொல் இதுதான். இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது அம்மாதான்.

கைதான பிறகு, 101ஆம் அறை என்ற சித்திரவதை அறையில், தன்மேல் ஏவவிருந்த எலிகளை ஜூலியா பக்கம் திருப்பிவிடச் சொல்லிக் கதறுகிறானே, அதைக் கோழைத்தனம் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருந்தது. தான் பிழைக்க இன்னொருவரைப் பலி கொடுத்த அந்தப் பழைய சிறுவனாகவே அவனை மறுபடி ஆக்குகிறார்கள். எலும்பை உடைப்பதைவிடக் கொடிய சித்திரவதை இது.

அப்புறம், கடைசி அத்தியாயத்தில் அம்மாவும் தங்கையும் அருகிலிருக்க, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாம்பும் ஏணியும் விளையாடிய ஒரு பிற்பகல் அவனுக்கு நினைவு வருகிறது. பொய் நினைவு என்று தானாகவே தள்ளிவிடுகிறான். பெரியண்ணனை நேசிப்பது அதற்குப் பிறகுதான். கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது கட்டுரையாளர் இந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி