ஜாக் டெமர்ஸுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மொன்றியல் கனேடியன்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை நம் அணிக்கு எட்டு முறை வென்று தந்த டோ பிளேக்குக்கும், ஐந்து முறை வென்று தந்த ஸ்காட்டி போமனுக்கும் தாராளமாக இடம் கொடுத்தது சரி. ஆனால் ஜாக் டெமர்ஸை, '1993இல் வென்றவர்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த 1993 இறுதித் தொடரையாவது சொல்லியிருக்கலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸிடம் முதல் ஆட்டம் போய்விட்டது. இரண்டாவதிலும் 2-1 என்று பின்னால் நிற்கிறோம். இரண்டு நிமிடம்கூட மீதியில்லை. கிங்ஸ் வீரர் மார்ட்டி மக்சோர்லியின் மட்டையை அளந்து பார்க்கச் சொன்னார் டெமர்ஸ். அளவு சரியாக இருந்திருந்தால் தண்டனை நம் பக்கம் விழுந்திருக்கும். மட்டையின் வளைவு விதியைவிடக் கூடுதலாக இருந்தது, மக்சோர்லி தண்டனையாக வெளியே போனார். உடனே நம் கோல் காப்பாளர் பற்றிக் ருவாவையும் எடுத்துவிட்டு, அவருக்குப் பதில் இன்னொரு ஆட்டக்காரரைச் சேர்த்து, நால்வருக்கு எதிராக ஆறு பேரை இறக்கினார் டெமர்ஸ். எரிக் டெஜார்டன் சமன் செய்தார்; கூடுதல் நேரத்தில் வெற்றி கோலும் அவருடையதுதான். அப்புறம் தொடரே 4-1 என்று நம் கைக்கு வந்தது.

இதைவிட முக்கியமானது 2005இல் அவரே வெளியே சொன்ன உண்மை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடித்துவிட்டு அடிக்கிற தகப்பனுக்குப் பயந்து வளர்ந்த பிள்ளைக்குப் பள்ளியில் படிப்பு ஏறவில்லை. டெட்ராய்ட் அணியில் இருந்தபோது அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கியபோதும், கிண்ணம் வென்றபோதும் இதை மறைத்தே வாழ்ந்திருக்கிறார்.

என் பெரியப்பாவுக்கும் எழுத்து தெரியாது. ஏதாவது படிவம் வந்தால், "கண்ணாடிய வீட்டில விட்டிட்டு வந்திட்டன், நீ நிரப்பு தம்பி" என்பார். மறதிக்காரர் என்றே நினைத்திருந்தேன். டெமர்ஸ் செய்தியை வாசித்த அன்றுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அத்தனை வருடம் அவர் பட்ட கூச்சத்தை நான் கவனிக்கவே இல்லை.

2009இல் டெமர்ஸைக் கனடாவின் செனட்டராக நியமித்தார்கள். ஒளித்து வைத்ததை ஊரறியச் சொன்ன பிறகு கிடைத்த பதவி அது. அவரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை போடுங்கள், ஐயா. பெரியப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்,
மொன்றியல்