மங்கம்மாள் சாலையில் சைக்கிளுக்கும் ஓர் ஓரம் வேண்டும்

மதுரை – திருநெல்வேலி நாற்கரச் சாலையைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். வருகிற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் சிலர் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் சைக்கிளில் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். ஏறக்குறைய 160 கிலோமீட்டர். விடியும் முன் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் தாமிரபரணியில் கால் நனைத்துவிடலாம்.

தை மாதம் என்று முடிவு செய்ததற்கு வெயில் மட்டும் காரணமல்ல. அப்போது வடகிழக்கிலிருந்து வாடை வீசும். தெற்கே போகிறவர்களுக்கு அது துணை. ஆடியில் போனால், கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே மேல்காற்று எங்களைச் சாலையை விட்டே இறக்கிவிடும். வலப்புறம் லாரி கடக்கும்போது காற்று ஒரு நொடி அறுந்துபோகும். லாரி போனதும் மொத்தமாக வந்து மோதும். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாலும் முன்சக்கரம் ஒரு முழம் விலகும்.

காற்றுக்கு நாள் பார்த்துவிடலாம். நிழலுக்கும் ஓரத்துக்கும் நாங்கள் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது?

மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை ராணி மங்கம்மாள் அமைத்ததாகச் சொல்லப்படும் சாலையை ஒட்டித்தான் உங்கள் நாற்கரம் செல்கிறது. பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் அவர் ஆட்சியைக் கவனித்தார். ஒருநாள் மறதியாக இடக்கையால் வெற்றிலை போட்டுவிட்டார் என்றும், அதற்குப் பரிகாரமாகவே சாலையும் சத்திரமும் அமைத்தார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் நிற்கிறது. நடந்தும் மாட்டுவண்டியிலும் போகிறவர்களை மனத்தில் வைத்து அமைத்த வழி இது. சாலைக்கு அகலம் எவ்வளவு தேவையோ, அவர்களுக்கு நிழலும் அவ்வளவு தேவை என்பது அன்றைக்குத் தெரிந்திருந்தது.

சாலையை விரித்தபோது ஓரத்துப் புளியமரங்கள் போயின. இப்போது நடுத்திட்டில் அரளி பூக்கிறது. எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமலிருக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அரளியின் கீழே யாரும் ஒதுங்க முடியாது. விருதுநகர் தாண்டிக் கரிசல் காடு தொடங்கியபின், பகல் பதினொரு மணிக்கு ஒரு மிடறு தண்ணீர் குடிக்க நிறுத்த வேண்டுமென்றால் அடுத்த மேம்பாலத்தின் அடிப்பகுதிதான் கதி. கன்றுகளை ஓரத்தில் வைத்து முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். வேம்போ புங்கையோ போதும், அதற்குப் பிறகு அவை தங்களைப் பார்த்துக்கொள்ளும்.

நிழல் வளரக் காலம் பிடிக்கும். இன்னொரு வேலையை இந்த ஆண்டே செய்துவிடலாம். திருமங்கலம், கோவில்பட்டி போன்ற ஊர்களில் பழைய சாலை ஊருக்குள் உயிரோடுதான் இருக்கிறது. நாற்கரம்தான் ஒதுங்கிப் போகிறது. அந்தப் பழைய துண்டுகளையும் அங்கங்கே இருக்கும் சர்வீஸ் சாலைகளையும் ஒன்றோடொன்று இணைத்தால், பாதி வழிக்கு மேல் எங்களுக்கு நாற்கரமே தேவைப்படாது. புதிதாக நிலம் எடுக்க வேண்டிய இடங்கள் குறைவாகத்தான் இருக்கும். இணைக்க முடியாத இடத்தில் ஓரப்பட்டையைப் பாலத்தின் மேலும் விடாமல் தொடருங்கள். அகலமாக வந்த ஓரம் பாலத்தின் வாயில் சட்டென்று மறையும்போது, பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரே கோடுதான் மிஞ்சுகிறது.

அந்த ஓரத்தைக் கூட்டவும் வேண்டும். வெடித்த லாரி டயர்களிலிருந்து தெறிக்கும் கம்பிகள் மயிரிழைபோல் மெலிந்தவை. காரில் போகிறவருக்குக் கண்ணில் படாது. சைக்கிள் டயரில் ஒன்று ஏறினால், ட்யூபை மாற்றியபின்னும் கம்பி டயருக்குள்ளேயே ஒளிந்திருந்து மறுபடி குத்தும்.

கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என வழியில் மூன்று சுங்கச்சாவடிகள். எங்களிடம் நீங்கள் காசு கேட்பதில்லை, நன்றி. அங்குள்ள குடிநீரும் கழிப்பறையும் சைக்கிளில் வருகிறவருக்கும் நடந்து வருகிறவருக்கும் உரியவை என்று ஒரு பலகை வைத்தால் போதும். சாப்பாட்டுக்கு உங்கள் தயவு வேண்டாம். சாத்தூர் வெள்ளரிக்காயும் 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இருக்கும்போது, பளபளக்கும் சத்துப் பொட்டலம் எங்களுக்கு எதற்கு?

“ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காரர்களுக்காகச் சாலையை மாற்றுவதா?” என்று நீங்கள் கேட்கக்கூடும். நாங்கள் ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்கள், எங்களை விட்டுவிடுங்கள். பால் கேனை இருபுறமும் கட்டிக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே எதிர்த்திசையில் வருகிறாரே, அவர் தினமும் வருகிறார். சரியான பக்கத்துக்குப் போக வேண்டுமானால் தடுப்பில் அடுத்த திறப்பு வரை போய்த் திரும்ப வேண்டும். பால் அதுவரை காத்திருக்காது. அவர்மேல் விதிமீறல் வழக்குப் போடுவது எளிது. அவர் ஊருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நடுவே ஒரு சர்வீஸ் சாலை போடுவதுதான் உங்கள் வேலை.

கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் சற்று நின்றுவிட்டு, மாலையில் சுலோசன முதலியார் பாலத்தில் பயணத்தை முடிப்போம். 1843இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் ஓர் அரசு அலுவலர். உங்களிடம் சொந்தப் பணம் கேட்கவில்லை. அடுத்த பராமரிப்பு மதிப்பீட்டில் ஓரப்பட்டைக்கும் மரக்கன்றுக்கும் தனித்தனியாக ஒரு வரி எழுதுங்கள். எழுதும் முன் உங்களில் ஒருவர் எங்களுடன் விருதுநகர் வரையாவது சைக்கிளில் வரலாம். அங்கிருந்து மதுரைக்கு ரயில் இருக்கிறது.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு சைக்கிள்காரன்