முதியோர் குடியிருப்பில் அவசர அழைப்பு அமைப்பின் பராமரிப்புக் குறைபாடு: புகார்

அனுப்புநர்:
அறங்காவலர் குழு,
முதியோர் அறக்கட்டளைக் குடியிருப்பு

பெறுநர்:
சேவைப் பிரிவு மேலாளர்,
அவசர அழைப்புக் கருவிப் பராமரிப்பு நிறுவனம்

பொருள்: சரியாகச் சோதிக்காமல் 'எல்லாம் சரி' என்று தந்த சர்வீஸ் ரிப்போர்ட், மறுசோதனை, பழுதுநீக்கம், கட்டணத்தைத் திருப்பித் தருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் குடியிருப்பில் நீங்கள் பொருத்தி, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் பார்த்துவரும் அவசர அழைப்பு அமைப்பைப் பற்றிய புகார் இது. உங்கள் கடைசி ரிப்போர்ட்டில் எல்லா இணைப்புக்கும் எதிரே 'சரி' என்று இருக்கிறது. எங்கள் மேற்பார்வையாளரும் மின்பணியாளரும் வீடு வீடாகப் போய், குளியலறைக் கூரையிலிருந்து தொங்கும் அவசர அழைப்புக் கயிற்றை இழுத்தும் கழுத்தில் அணியும் பொத்தானை அழுத்தியும் பார்த்ததில் தெரிந்தவற்றைக் கீழே எழுதுகிறோம்.

இங்கே ஒவ்வொருவருக்கும் தனி வீடு, தனிச் சமையலறை, தனிக் கதவு. மருத்துவமனைபோல் இரவில் செவிலியர் யாரும் சுற்றி வருவதில்லை. விழுந்தவருக்கு எழ முடியாவிட்டால் அந்தக் கயிற்றையும் கழுத்துப் பொத்தானையும் விட்டால் வேறு வழி கிடையாது. எலும்பு முறியாதவருக்கும்கூட, ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையிலேயே கிடந்தால் ஆபத்து: உடல் எடை அழுத்தும் இடத்தில் தோல் புண்ணாகும், தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும், குளிர்ந்த தரையில் உடல்சூடு இறங்கிவிடும்.

முதலில் குளியலறைக் கயிறு. கூரை சுவிட்சுகளை மாற்றியபோது உங்கள் ஆட்கள் பல வீடுகளில் புதுக் கயிற்றை இடுப்பு உயரத்தோடு வெட்டிவிட்டிருக்கிறார்கள். நிற்பவருக்கு அது எட்டும், கீழே கிடப்பவருக்கு எட்டாது. கயிற்றில் இரண்டு பிடிகள் வேண்டும். உட்கார்ந்திருப்பவருக்காகத் தரையிலிருந்து 80 முதல் 100 செ.மீ. உயரத்தில் ஒன்று, விழுந்தவருக்காகத் தரையிலிருந்து 10 செ.மீ.க்கு மேல் போகாமல் இன்னொன்று. இரண்டும் சிவப்பாக இருக்க வேண்டும். சில வீடுகளில் விளக்குக் கயிறும் இதுவும் ஒரே வெள்ளையில், அருகருகே தொங்குகின்றன. பார்வை மங்கியவர் விளக்கென்று நினைத்து இதை இழுத்துவிடுகிறார். தவறான அழைப்பு இரண்டு மூன்று முறை போனதும் கூச்சப்பட்டுக் கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிடுகிறார். தரையைத் துடைக்க இடைஞ்சல் என்று கட்டுபவர்களும் உண்டு. அப்படிக் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஏன் கட்டினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதும் சர்வீஸில் சேர்ந்ததுதான். ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒரு வீட்டில் கூரைக்கு அடித்த பெயின்ட், சுவிட்சில் கயிறு நுழையும் துளையிலேயே உறைந்து போயிருக்கிறது. பிடித்து இழுத்தால் கயிறு விறைக்கிறது, மேலே 'டிக்' சத்தம் வரவில்லை, விளக்கும் எரியவில்லை. ஆனால் எல்லா வீடுகளின் இணைப்பு நிலையையும் காட்டும் பேனலில் அந்த வீட்டுக்கு 'இயல்பு' என்றே காட்டுகிறது. வயர் அறுந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் பேனல் கவனிக்கும்; இழுத்தால் சுவிட்ச் இறங்குமா என்பது அதற்குத் தெரியாது. பேனல் முன்னால் நின்று டிக் போடுவதைச் சோதனை என்று நாங்கள் ஏற்க மறுப்பது இதனால்தான்.

கழுத்துப் பொத்தான்களில் நடந்திருப்பது இதைவிட மோசம். வீடு காலியானதும் திரும்பி வந்த பொத்தானை, பழைய பதிவை அழிக்காமலே அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கீழ்த்தளத்தில் அழுத்தினால் திரையில் மாடி வீட்டின் எண் வருகிறது. உதவிக்கு ஓடுபவர் தவறான கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார். போதாததற்கு, குளிக்கும்போது பொத்தானைக் கழற்றி வைக்கும்படி உங்கள் டெக்னீஷியன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் கொடுத்த கையேடே அது தண்ணீர் பட்டால் கெடாது என்கிறது. வழுக்கி விழ அதிக வாய்ப்புள்ள இடத்தில் கழற்றச் சொல்வது என்ன ஆலோசனை? பேட்டரி குறைந்ததைப் பொத்தானே பேனலுக்குத் தெரிவிக்கிறது. ஆனால் அந்தச் செய்தி பதிவேட்டில் மட்டும் விழும்படி அமைத்திருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

உங்கள் அழைப்பு மையம் 'பதில் இல்லை' என்று குறித்து அழைப்புகளை முடித்திருப்பதையும் பதிவேட்டில் பார்த்தோம். பேச்சுக் கருவி இருப்பது கூடத்தில். குளியலறைக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவரின் குரல் அதற்குக் கேட்காது. பக்கவாதம் வந்தவரால் பேசவே முடியாது. பதில் வராத அழைப்புக்குத்தான் முதலில் ஆள் போக வேண்டும். அழைப்பை ரத்து செய்யும் வசதி அந்த வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும், அப்போதுதான் யாரோ ஒருவர் நேரில் போய்ப் பார்த்தார் என்று நம்பலாம்.

தொலைபேசி இணைப்பு ஃபைபருக்கு மாறியதை உங்களுக்கு எழுத்தில் தெரிவித்தோம். ஆனாலும் அழைப்பு மையத்துக்குத் தொலைபேசி வழியே அழைப்பை அனுப்பும் பழைய டயலர்தான் இருக்கிறது. அது ஒலிக்குறிகளால் தகவல் அனுப்பும் கருவி. இணையவழிக் குரல் இணைப்பில் அந்த ஒலிகள் சிதைவதால் ஒரு அழைப்பு போகும், அடுத்தது போகாது. ஒரே ஒரு சோதனை அழைப்பு போய்விட்டது என்பதால் திருப்தி அடைய முடியாது. பழைய செம்புக் கம்பி தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரத்தைக் கொண்டுவந்தது. இப்போது மின்வெட்டு வந்தால் ரூட்டர் அணைந்துவிடும். பேனல் பேட்டரி ஓடினாலும் அழைப்பு கட்டடத்தை விட்டு வெளியே போகாது. அந்த பேட்டரியையும் வெறுமனே வோல்ட் பார்த்து 'நல்லது' என்று எழுதியிருக்கிறார்கள். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி கிழடானாலும் சுமையில்லாதபோது முழு வோல்ட்டைக் காட்டும். மெயின் சுவிட்சை அணைத்து, பேனலை பேட்டரியிலேயே ஓடவிட்டு, அழைப்பும் போட்டுப் பார்த்தால்தான் அதன் நிலை தெரியும்.

இந்தக் கடிதம் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் குளியலறைக் கயிறுகளையும் பொத்தான் பதிவுகளையும் சரிசெய்யுங்கள். 14 நாட்களுக்குள் டயலரை மாற்றி, இரண்டு நெட்வொர்க்கில் இயங்கும் சிம் கருவியைப் பொருத்துங்கள். அதுவரை ரூட்டருக்கு யூ.பி.எஸ். வையுங்கள். அதன்பின் எங்கள் மேற்பார்வையாளர் உடனிருக்க மறுசோதனை நடக்க வேண்டும். ஒவ்வொரு கயிற்றையும் கீழ்ப்பிடியைப் பற்றி இழுக்க வேண்டும். பொத்தானைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்த வேண்டும். வீட்டு எண், இழுத்த நேரம், மையம் பதில் தந்த நேரம், திரையில் வந்த எண் எல்லாம் ரிப்போர்ட்டில் வேண்டும்.

செய்யாத சோதனைக்கு வாங்கிய சர்வீஸ் கட்டணத்தைத் திருப்பித் தரும்படி கேட்கிறோம். அது நன்கொடையாளர்கள் முதியவர்களுக்கென்று கொடுத்த பணம். விட்டுக்கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. மறுசோதனை முடியும்வரை நிலுவைப் பில்லை நிறுத்தி வைக்கிறோம். கெடு தாண்டினால் ஒப்பந்தத்தை முறித்து வேறு நிறுவனத்திடம் கொடுப்போம், அதற்கான கூடுதல் செலவையும் உங்களிடமே கோருவோம்.

இந்தப் பணிக்குப் பொறுப்பானவர் யார் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
அறங்காவலர் குழுவுக்காக,
செயலாளர்

இணைப்பு: வீடு வாரியான சோதனைப் பட்டியல், வெட்டப்பட்ட கயிறுகளின் புகைப்படங்கள், அழைப்புப் பதிவேட்டின் நகல்