மின்னில் மீன் இருக்கிறதா?

எங்கள் ரோஸ் ஹில் கடைக்கு வரும் எல்லோருக்கும் வணக்கம்.

தைப்பூசக் காவடி நெருங்குகிறது. விரதம் தொடங்கியதும் கல்லாவில் வந்து விழும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்த மின் பாக்கெட்டில் 631 என்று போட்டிருக்கிறதே, அசைவமா?" மொரீஷியஸில் நூடுல்சுக்கு மின் என்று பெயர் வைத்தவர்கள் தமிழர் படப்போகும் குழப்பத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

போன வருஷம் ஓர் அக்கா இதையே கேட்டபோது, "வெறும் நம்பர்தானே, ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தெரியாமல் சொன்ன பதில். பாதி விரதத்தில் மகன் மூலம் விஷயம் தெரிந்து பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தார். திட்டவில்லை; அதுதான் உறுத்தியது. அதற்குப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

631 என்பது ருசி கூட்டச் சேர்க்கும் இனோசினேட் உப்பு. 627 குவானிலேட். 635 இரண்டும் கலந்தது. இவற்றின் அடிப்படை ரைபோநியூக்ளியோசைடு. பெயர்தான் நீளம், உள்ளே இருப்பது ரைபோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரையும் அதில் ஒட்டிய ஒரு நைட்ரஜன் காரமும் (மிளகாய்க் காரம் இல்லை). அடினோசின், குவானோசின், சைட்டிடின், யூரிடின் என்ற நான்கு ரைபோநியூக்ளியோசைடுகளிலும் பாஸ்பேட் ஏற்றிச் சரமாகக் கோத்தால், உயிரணுக்களில் இருக்கும் ஆர்.என்.ஏ. அது கீரையிலும் உண்டு, பருப்பிலும் உண்டு. அடினோசினில் மூன்று பாஸ்பேட் ஏறினால் ஏ.டி.பி.; கோர் தெ கார்ட் மலைக் கோயில் படியேறும்போது உங்கள் தசை செலவழிப்பது அதைத்தான்.

மீன் செத்தபின் ஏ.டி.பி.யைப் புதுப்பிக்க வழியில்லை. படிப்படியாக உடைந்து இனோசினேட்டாகத் தேங்குகிறது. மீன் குழம்பின் ருசியில் அதற்குப் பெரிய பங்கு. இன்னும் நாளானால் பாஸ்பேட் கழன்று வெறும் இனோசின், பிறகு ஹைப்போசாந்தின். அப்போது கசப்புத் தட்டும். காய்ந்த சூரை மீனின் ருசிக்கு இனோசினேட்தான் காரணம் என்று 1913-இல் ஷிண்டாரோ கொடாமா என்ற ஜப்பானியர் கண்டார். காய்ந்த காளானில் அந்த வேலையைச் செய்வது குவானிலேட். 621-உடன் (அஜினமோட்டோ என்கிறோமே, அந்த மோனோசோடியம் குளுட்டமேட்) சேர்ந்தால் இவை சிட்டிகை அளவே போதும். அதனால்தான் பாக்கெட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன.

சரி, அசைவமா? நம்பரை வைத்துச் சொல்ல முடியாது. மீன், இறைச்சியிலிருந்தும் எடுக்கலாம். மரவள்ளி மாவின் சர்க்கரையைப் பாக்டீரியாவுக்கு ஊட்டி இனோசினை விளைவித்து, பாஸ்பேட் ஏற்றியும் செய்யலாம். எப்படி வந்தாலும் மூலக்கூறு ஒன்றேதான். ஆனால் விரதக்காரர் கேட்பது அது எங்கிருந்து வந்தது என்று.

ஆகவே சரக்கு தருபவர்களிடம் எழுத்தில் கேட்டோம். புளிக்கவைத்துச் செய்தது என்று எழுதிக் கொடுத்தவர்களின் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கிறோம். பதில் வராதவை விரதம் முடியும்வரை கருவாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஏழு கறிக்கு (வாழையிலையில் பரிமாறும் நம் சைவ விருந்துக்கு) எதற்கு இந்த நம்பர் போட்ட சூப் பொடி என்பது என் எண்ணம். வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டுகிறவர்களிடம் அதைச் சொல்லமாட்டேன்.

யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் பச்சைப் புள்ளியை நம்ப வேண்டாம். இனோசினும் குவானோசினும் எதிலிருந்து வந்தாலும் உடம்பில் உடைந்து யூரிக் அமிலமாகும். டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா அன்று பாக்கெட்டுக்கான காசைத் திருப்பி வாங்காமல் போய்விட்டார். பணம் கல்லாவில் தனி உறையில் இருக்கிறது.

வணக்கத்துடன்,
உங்கள் கடைக்காரர்