மருந்து வைரஸ் எங்கே விளைகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய்ச் செல்களைத் தேடி அழிக்கும் வைரஸ்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 2015-இல் மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி-வெக்கையும், 2021-இல் மூளைக் கட்டிக்கு ஜப்பான் நிபந்தனையோடு அனுமதித்த டெலிடாக்டையும் அழகாக விளக்கியிருந்தார்கள். ஆனால் அந்த வைரஸ் குப்பிக்குள் எப்படி வந்து சேருகிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பல வருடங்களாகச் செல் கல்ச்சர் கூடத்தில், அதாவது செல்களை உடலுக்கு வெளியே வளர்க்கும் ஆய்வகத்தில், வேலை பார்ப்பவன் நான். அந்த விடுதல் மனதை உறுத்தியது.

முதலில் அளவைப் பாருங்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையின் மருத்துவர்கள் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குத் தட்டம்மை வைரஸைக் கொடுத்ததை 2014-இல் அறிவித்தார்கள். ஒரே ஒரு நோயாளிக்கு ஒரே தடவையில் செலுத்தியது 10,000 கோடி தொற்று அலகுகள். ஒரு கோடிப் பேருக்குத் தடுப்பூசி போடப் போதுமான வைரஸ் அது! தடுப்பூசிக்கு என்று பழகிய முறைகள் இங்கே எப்படி எட்டும்?

வைரஸ் தானாகப் பெருகாது, உயிருள்ள செல் வேண்டும். டி-வெக் வளர்வது வீரோ செல்களில். 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல்கள் அவை. எதையாவது பற்றிக்கொண்டுதான் வழக்கமாக வளரும். ஆகவே இரண்டு மடங்கு வைரஸ் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு பரப்பு வேண்டும். உள்சுவரில் செல்கள் ஒட்டி வளர, மெல்ல உருட்டிக்கொண்டே இருக்கும் ஒரு ரோலர் பாட்டிலில் கிடைப்பது 850 சதுர சென்டிமீட்டர். நூறு பாட்டில் வைத்தால் நூறையும் திறந்து மூட வேண்டும், ஒவ்வொரு தடவையும் கிருமி புகுந்துவிடுமோ என்ற பயம். ஒரு நாள் காலையில் இன்குபேட்டரைத் திறந்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம், அதாவது செல்களுக்கு உணவான திரவம், கிருமி புகுந்து மஞ்சளாகிக் கலங்கிக் கிடந்தது. மூன்று வார உழைப்பு. எல்லாவற்றையும் உயர் அழுத்த நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டு அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம்.

சரி, வேறு வழி இல்லையா? இருக்கிறது. சுமார் 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள நுண்மணிகளில் செல்களை ஒட்டவைத்து, செல் வளர்க்கும் கலனான பயோரியாக்டரில் மிதக்க விடலாம். 1967-இல் வான் வெசல் என்ற ஆய்வாளர் காட்டிய வழி இது. சில வகை மணிகளில் ஒரு கிராமுக்கே 4,400 சதுர சென்டிமீட்டர் பரப்பு கிடைக்கும். லிட்டருக்கு 3 கிராம் போட்டால் பதினைந்து பாட்டில்கள் அந்த ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் வேகமாகக் கலக்கினால் செல்கள் கழன்று விழும். மெதுவாகக் கலக்கினால் மணிகள் அடியில் படிந்து செல்களுக்கு ஆக்சிஜன் போதாது. 2 லிட்டரில் ஒழுங்காக வந்தது 200 லிட்டரில் அப்படியே வந்துவிடும் என்று நம்பிக் கெட்டவர்கள் உண்டு.

அறுவடை நேரம் இன்னொரு தலைவலி. தட்டையாக விரிந்திருந்த செல்கள் வைரஸ் ஏறியதும் உருண்டு திரண்டு, திராட்சைக் குலை போலத் தெரியும். அவசரப்பட்டால் வைரஸ் குறைவு. தாமதித்தால் 37 டிகிரிச் சூட்டிலேயே அது வீரியம் இழக்கும். அந்த வேளையைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்களே சரியாகப் பிடிக்கிறார்கள்.

அப்புறம் சுத்திகரிப்பு. பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா போன்ற பெரிய வைரஸ்கள் கிருமி நீக்கும் 0.2 மைக்ரான் வடிகட்டிக்குள் நுழையாது. கடைசியில் வடிகட்டிக்கொள்ளலாம் என்ற தெம்பு அங்கே கிடையாது, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கிருமிகூட உள்ளே வரக் கூடாது.

புது வைரஸை வடிவமைப்பவருக்குக் கிடைக்கும் நிதியும் பெயரும் இந்த வேலைக்கும் கிடைக்க வேண்டும். உயிர்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களுக்கு ஜீனை வெட்டி ஒட்டக் கற்றுத் தருகிறோம். பயோரியாக்டர் முன்னால் ஒரு மாதமாவது அவர்களை நிற்க வைக்க வேண்டும். இதைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். எழுதுபவருக்கு வேண்டிய விளக்கங்களைத் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
செல் கல்ச்சர் கூடத்தில் பணிபுரியும் ஒரு வாசகன்