சாமிப்பட ஆல்பம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. மாசியில் நம் பழம்பொருள் கடையில் விற்ற சாமிப்பட ஆல்பம் டூப்ளிகேட்டாம். டீ டிகாக்‌ஷனில் முக்கிப் பழசாக்கியதாம். உங்களில் சிலரே எனக்கு அனுப்பி, "அண்ணே, இது நம்ம கடையா?" என்று கேட்டீர்கள். நம்ம கடைதான்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். டிகாக்‌ஷன் என்றதுதான் பொறுக்கவில்லை. டீயில் முக்கி எடுத்த தாள் திட்டுத்திட்டாக நிறம் பிடித்து மொறமொறவென்று நிற்கும். தானாக வயசான தாள் ஓரத்திலிருந்து பழுத்து உள்ளே வரும். அந்த ஆல்பம், படங்களை ஒட்டி வைத்த ஒரு பழைய கணக்குப் பேரேடு. லட்சுமி படத்துக்கு அடியில் ரூபாய், அணா, பைசா வரவு செலவு மை கசிந்து தெரிகிறது. கஞ்சிப் பசையின் ருசிக்கு வந்த இராமபாணப் பூச்சி, முருகனின் மயில் தோகையில் பாதியைத் தின்றிருக்கிறது. டீயில் முக்குகிறவன் பூச்சியையுமா வளர்ப்பான்?

லட்சுமி ரவிவர்மா அச்சகத்துப் படம். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், கல்லில் வரைந்து அடிக்கும் கல் அச்சு. லென்ஸ் வைத்தால் மணல் தூவியதுபோல் புள்ளி தெரியும். சாமிகளோடு ஒட்டியிருக்கும் நேதாஜி படத்தில் புள்ளி வரிசையாக இருக்கிறதே என்கிறார் பதிவில் பேசிய நண்பர். அது போட்டோவை உலோகத் தகட்டில் புள்ளியாக்கி அடிக்கும் பிளாக் அச்சு, அப்படித்தான் இருக்கும். லட்சுமிக்கு வைத்த அதே குங்குமம் காந்தி நெற்றியிலும் நேதாஜி நெற்றியிலும் இருக்கிறது. எந்த ஆச்சி வைத்த பொட்டோ! அதையும் நானா வைத்தேன்?

புதுத் தாளைக் காட்டிக்கொடுக்கும் நீல (புற ஊதா) விளக்கில் பளிச்சிட்ட கடைசி 2 தாள் மட்டும் ஆல்பம் நிறைவாக இருக்கட்டும் என்று நாங்கள் சேர்த்தது. பில்லில் குறிக்காமல் விட்டது பிசகுதான். அதற்கான தொகையைக் கொடுத்தாயிற்று.

நூறு வயது தாண்டிய பொருளை வெளிநாடு கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது என்று சொல்லி, கைக்கு வந்த வியாபாரத்தையே திருப்பி அனுப்பிய கடை இது. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நீங்கள். பதிவைக் கேட்ட பிறகும் பீங்கான் ஜாடிக்கும் எனாமல் தூக்குக்கும் வழக்கம்போல வந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது!

இனி ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து பில்லோடு தருவோம். விற்ற ஆல்பத்தைத் திரும்ப எடுப்பதில்லை. லென்ஸ் கல்லா மேலேயே தொங்குகிறது. பகல் வெளிச்சத்தில் வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கடைக்காரர்,
முனீஸ்வரன் கோயில் தெரு, காரைக்குடி