வடிவமைப்பான் எழுதித் தரும் நிரல்

அன்புள்ள யாழினிக்கு,

மென்பொருளின் திரையை வரைந்து வடிவமைக்க உதவும் க்யூடி டிசைனரில் ஒரே ஒரு பொத்தானை இடம் மாற்றிவிட்டு நிரலை மறுபடி உருவாக்கியதும், மூன்று நாளாக நீ எழுதிச் சேர்த்த வரிகள் அனைத்தும் காணாமற்போயின என்று நேற்றிரவு அழாத குறையாகச் சொன்னாய். தொலைபேசியில் ஆறுதல் சொல்ல முடிந்ததே தவிர காரணத்தை விளக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ திரையில் இழுத்து வைக்கும் பொத்தானும் பெட்டியும் பட்டியலும் எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் ஒரு யுஐ கோப்பில் பதிவாகின்றன. பையுஐசி என்ற கருவி அதைப் படித்துப் பைதான் நிரலாக எழுதித் தருகிறது; பழைய நிரலில் என்ன இருந்தது என்று பாராமல் ஒவ்வொரு முறையும் முழுவதையும் புதிதாக எழுதுகிறது. கையால் செய்த மாற்றங்கள் அழிந்துபோகும் என்ற எச்சரிக்கை அந்தக் கோப்பின் தலையிலேயே இருக்கிறது.

நானும் அப்படியொரு எச்சரிக்கையைப் படிக்காமல் தாண்டியவள்தான். 2001இல், நீ பிறப்பதற்கு முன், ஒரு மருந்துக் கடைக்கு ரசீது போடும் மென்பொருளைக் கிளேடு என்ற, டிசைனரைப் போன்ற கருவியில் வரைந்தேன். அது சி மொழியில் உருவாக்கித் தந்த இன்டர்ஃபேஸ்.சி கோப்புக்குள்ளேயே விற்பனை வரிக் கணக்கையும் எழுதி வைத்தேன். கடைக்காரர் கூடுதலாக ஒரு கட்டம் கேட்டார். அதைச் சேர்த்து மறுபடி உருவாக்கிய நொடியில் கணக்கு முழுவதும் போயிற்று. பொத்தானை அழுத்தினால் நடக்க வேண்டியதை எழுதுவதற்கென்று பக்கத்திலிருந்த கால்பேக்ஸ்.சி கோப்பைக் கிளேடு அழிப்பதில்லை, புதியவற்றை அதன் கடைசியில் சேர்க்க மட்டுமே செய்யும் என்பதை அதன் பிறகே அறிந்தேன். பின்னாளில் வந்த கிளேடு 3 நிரல் எழுதித் தருவதையே விட்டுவிட்டது. எக்ஸ்எம்எல் கோப்பை மென்பொருள் ஓடும்போது நேரடியாகப் படித்துக்கொள்ளும் வழியே நிலைத்தது. க்யூடியைப் பைதானில் பயன்படுத்த உதவும் பைக்யூடியிலும் லோடுயுஐ என்று அதே வழி உண்டு.

நிரலாகவே வேண்டுமென்றால், உருவாகி வரும் கோப்பைத் தொடாதே. வேறொரு கோப்பில் உன் சொந்த வகுப்பை எழுதி, அதில், வரைந்த திரையை அமைத்துத் தரும் செட்அப்யுஐயை அழைத்து, பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கேயே வைத்துக்கொள். பொத்தான்களுக்கு வரைந்தவுடனேயே பெயர் வைத்துவிடு. புஷ்பட்டன், புஷ்பட்டன்_2, புஷ்பட்டன்_3 என்று டிசைனர் தரும் பெயர்களை அப்படியே விட்டால், இரண்டு மாதம் கழித்து எது சேமிப்பது, எது அழிப்பது என்று உனக்கே தெரியாது. பிறகு மாற்றப் போனால் பழைய பெயரை நம்பி எழுதிய வரிகள் எல்லாம் அறுந்துபோகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொத்தான்களை நீ கண் அளவில் வைத்திருப்பதாகத் தோன்றுகிறது. 'சேவ்' என்பதற்கு அளந்த பொத்தானில் 'சேமிக்கவும்' அடங்காது. தமிழில் மொழிபெயர்க்கும் அன்று பாதிச் சொல் வெட்டுப்பட்டு நிற்கும். பொத்தான்களைத் தானாக அடுக்கித் தரும் கிடைமட்ட, செங்குத்து லேஅவுட்டுகளுக்குள் வைத்தால் சொல்லுக்கு ஏற்பப் பொத்தான் விரிந்துகொள்ளும்.

தொடாதே என்றேனே தவிர, படிக்காதே என்று சொல்லவில்லை. உருவாகி வந்த கோப்பைத் திறந்து ஒருமுறை பொறுமையாகப் படி. திரையில் தெரியும் சொற்கள் எல்லாம் ரீடிரான்ஸ்லேட்யுஐ என்ற தனிச் செயற்கூற்றில் திரட்டப்பட்டிருப்பதைக் காண்பாய். சாளரத்தைக் கலைக்காமலேயே மொழியை மாற்ற முடிவது அதனால்தான். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்த ஒழுங்கைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

நீ வரைந்த யுஐ கோப்பு பத்திரமாகத்தான் இருக்கும். அதை எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து வகுப்பைப் பிரித்து எழுதுவோம். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா